ஆறு பி நாட்டுக் காசு

மூன்று வாரமாக ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுப் பிள்ளைகளின் வீடுகளில் யாருமே பால்மா பைக்கற்றைக் குப்பையில் போட முடியவில்லை. அம்மா கடைசிக் கரண்டி மாவைச் சுரண்டும்போதே பக்கத்தில் ஒரு சின்னக் கை நீளும். பைக்கற்றைக் கழுவித் துடைத்து வெட்டி விரித்தால், உள்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும். அந்த வெள்ளியில்தான் ஆறு பி நாட்டின் காசு தயாராகிக்கொண்டிருந்தது.

ஆறு பி ஒரு நாடா என்று கேட்கிறீர்களா? ஒரு நாளைக்கு மட்டும் நாடு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு தடவை மாணவர் சந்தை நடக்கும். வகுப்புக்கு ஒரு கடை. போன வருடம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஐயாயிரம் ரூபாய்த் தாளை எடுத்துவந்து ஒரு வடை கேட்டான். கடையில் நின்ற பிள்ளைகள் மயங்கி விழாத குறைதான்.

அதனால் இந்த வருடம் புது ஏற்பாடு. பெற்றோர் வாசலில் உண்மையான பணத்தைக் கொடுத்துப் பள்ளிக்கூடக் காசை வாங்க வேண்டும். சந்தை முழுவதும் அந்தக் காசுதான் செல்லும். அதைச் செய்யும் பொறுப்பு ஆறு பிக்குக் கிடைத்தது.

வகுப்பாசிரியை மர்லியா டீச்சர் முதலில் உண்மையான ரூபாய்க் காசுகளை மேசை மேசையாகச் சுற்றவிட்டார்.

"நல்லாப் பாருங்க புள்ளைகள். ஒரு நாடு தன்ட காசுல சும்மா எதையும் போடாது" என்றார்.

பார்த்தார்கள். ஒரு பக்கம் அரச இலச்சினை. மறுபக்கம் பெரிய இலக்கம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி. பத்து ரூபாய்க்கு மட்டும் விளிம்பில் மூலைகள். ரிஷாத் அந்த மூலைகளை எண்ணி முதலில் பதினொன்று என்றான். நம்பாமல் திரும்ப எண்ணிப் பன்னிரண்டு என்றான். மூன்றாம் தடவை எண்ணப் போகும்போது டீச்சர் காசை வாங்கிவிட்டார்.

"நம்மட காசுல என்ன படம் போடுவோம்?"

"என்ட படம், டீச்சர்!" என்றான் ரிஷாத்.

"உன்ட படத்தைப் போட்டா சந்தைக்கு ஆள் வராது" என்றார் டீச்சர். "நமக்கு நன்மை செஞ்சது எது? அதைப் போடுவோம். காசைக் கையில எடுக்கிற நேரமெல்லாம் அதை நினைப்போமே."

வகுப்பு யோசித்தது. உச்சி வெயிலிலும் குளிர்ந்த தண்ணீர் தரும் மைதானத்துக் குழாய் ஒரு ரூபாயில் ஏறியது. விளையாடிக் களைத்தவர்களுக்கு நிழல் தரும் ஈரப்பலா மரம் இரண்டு ரூபாயில். ஐந்து ரூபாய்க்கு, ஜன்னலால் பார்த்தால் தெரியும் துறைமுகத்துப் பாரந்தூக்கி. அது என்ன நன்மை செய்தது என்று டீச்சர் கேட்டார். வரலாற்றுப் பாடத்தில் தன்னை நித்திரை கொள்ளாமல் காப்பாற்றியது அதுதான் என்றான் ரிஷாத். அதற்கு மட்டும் வகுப்பே கைதட்டியது.

பத்து ரூபாய்க்குப் படம் சொன்னவன் செபஸ்தியன். "கீழ நமக்குச் சாப்பாடு சமைக்கிற அண்டா, டீச்சர். பத்து மணிக்கு அந்த வாசம் மேல வரும் பாருங்க, அதுக்கு ஆயிரம் ரூபாயும் குடுக்கலாம்."

படம் வரைய யார் என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோரும் உஷாந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் அவளைப்போல் வரைய ஆளில்லை.

உஷாந்தி சப்பாத்துப் பெட்டி அட்டைகளைச் சேர்த்தாள். யோகட் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்து வட்டம் வட்டமாக வரைந்தாள். அட்டையில் வெள்ளித்தாளை ஒட்டி, மை தீர்ந்த பேனையால் அழுத்தி அழுத்திப் படம் கீறினாள். ஒவ்வொரு காசின் விளிம்பிலும் சுற்றிவரச் சின்னச் சின்ன மல்லிகைப் பூக்கள். பிஸ்கற் டின் ஒன்று நிறைய, ஒன்றைப்போல் ஒன்று, அத்தனையும் ஒரே அளவு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? உஷாந்தியும் நித்திரைக்குப் போகுமுன் டின்னைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

ஆறு பியின் கடை வடைக் கடை. காசுப் பெட்டிக்குச் செபஸ்தியன் என்று வகுப்பு ஏகமனதாகத் தீர்மானித்தது. செபஸ்தியனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை மங்கல். தடித்த கண்ணாடி போட்டும், மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தால்தான் எழுத்துத் தெரியும். ஆனால் மனக்கணக்கில் புலி. மற்றவர்கள் விரலை விரிக்கும் முன்னே விடையைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுவான்.

அவனுடைய அம்மா வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறார். மகனைக் காசுப் பெட்டியில் பார்ப்பதற்காகவே அரை நாள் விடுமுறை கேட்டு வாங்கியிருந்தார். "அம்மா கடை முழுக்கச் சொல்லிட்டாவாம்" என்று செபஸ்தியன் சலித்துக்கொள்வதுபோல் சொன்னான். அந்தச் சலிப்பில் எவ்வளவு பெருமை இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

சந்தைக்கு முதல்நாள் ஒத்திகை நடந்தது. மேசைக்குப் பின்னால் செபஸ்தியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வடை ஒன்று நான்கு ரூபாய். வாங்க வருபவன்போல் ரிஷாத் வந்து ஒரு பத்தை நீட்டினான்.

செபஸ்தியன் காசை வாங்கிப் பெருவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினான். திருப்பினான். திரும்பவும் தடவினான். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். வெள்ளித்தாள் வெளிச்சத்தில் பளிச்சிட்டதே தவிர, இலக்கம் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவன் அவசரமாகப் பெட்டிக்குள் துழாவி இரண்டு காசை எடுத்துக் கொடுத்தான்.

கொடுத்தது ஒரு பத்தும் ஓர் ஐந்தும்.

"மச்சான், வடையும் தந்து, நான் தந்ததைவிடக் கூடச் சல்லியும் தாறாய்! இனி உன்ட கடைக்குத்தான் ஒவ்வொரு நாளும் வருவன்" என்றான் ரிஷாத்.

எல்லோரும் சிரித்தார்கள். செபஸ்தியன்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். பிறகு எழுந்தான்.

"டீச்சர், நான் வடை குடுக்கிற பக்கம் போறன். இங்க இருந்தா வாசம் வருதில்ல."

டீச்சர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். "சரி மகன். அப்ப உஷாந்தி, காசு செஞ்ச கைக்கே பெட்டியும் இருக்கட்டும்" என்றார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். உஷாந்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தான் செய்த காசுக்குத் தானே காவல்! பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காசுகளை அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். தற்செயலாக நிமிர்ந்தபோது, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற செபஸ்தியன் தெரிந்தான். அவன் கையில் இன்னும் ஒரு காசு இருந்தது. பெருவிரல் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பிறகு அவளுக்கு அடுக்குவதில் மனம் செல்லவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் உஷாந்தி ஒழுங்கை முனையில் இருந்த கடைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனாள். அவளுக்கு முன்னால் செபஸ்தியன் நின்றான். கடை முதலாளியோடு கிரிக்கெட் பற்றி ஒரே வாக்குவாதம். முதலாளி பேசிக்கொண்டே மிச்சக் காசை அவன் உள்ளங்கையில் போட்டார். அவன் குனிந்து பார்க்கவே இல்லை. கையை மூடினான், பெருவிரல் உள்ளே ஓடியது, அவ்வளவுதான்.

"முதலாளி, பத்து ரூபாக் குத்தி ஒண்டு குறையுது."

"ஆ, சொறி சொறி, புத்தா!" என்று சிங்களத்தில் மகனே என்றழைத்து, மன்னிப்புக் கேட்டபடி முதலாளி இன்னொரு காசைப் போட்டார்.

உஷாந்தி வாயைப் பிளந்தாள். "நீ பார்க்கவே இல்லையே!"

"பார்க்க என்ன இருக்கு? பத்துக்கு மூலை இருக்கு. ஒண்டு சின்னன். பழைய மஞ்சள் அஞ்சு குண்டன். இந்தப் புது அஞ்சும் ரெண்டும்தான் கொஞ்சம் நிண்டு யோசிக்க வைக்கும்."

உஷாந்தி தன் பாண் காசைக் கையில் கொட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். தடவினாள். பத்தின் மூலைகள் உடனே விரலில் குத்தின. இத்தனை வருடமாக அதே காசைக் கையில் வைத்திருந்தும், அந்த மூலைகளை அவள் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

"அப்ப என்ர காசு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வடிவான காசு."

"அது இல்ல. கையில எப்படி இருக்கு?"

செபஸ்தியன் பாணைக் கைமாற்றிப் பிடித்தான். பிறகு சொன்னான்: "கையில எல்லாம் ஒரே காசு."

உஷாந்திக்கு முகம் சுட்டது. மூன்று வாரம் பூவும் மரமும் வரைந்தவள், காசை யாரோ ஒருவர் கையில் பிடிக்கப் போகிறார் என்பதை மறந்தே போனாள்.

"அம்மாட்டச் சொல்லிட்டியா?"

"இண்டைக்குச் சொல்லணும்" என்றான் செபஸ்தியன். "லீவை மாத்த ஏலுமெண்டா மாத்தட்டும். வடை குடுக்கிறதைப் பார்க்க என்னத்துக்கு வெள்ளவத்தையில இருந்து பஸ் ஏறி வரணும்?"

"சொல்லாத!" என்று உஷாந்தி கத்திவிட்டாள். முதலாளி எட்டிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லாத, செபஸ்தியன். பிழை என்ர காசில. உன்ர கண்ணில இல்ல. நான் அதை வெட்டி மாத்தப் போறன்."

"எனக்காக ஒண்டும் வெட்டாத. பிறகு எல்லாரும் 'பாவம் செபஸ்தியன்' எண்டுவாங்க. எனக்கு அந்தக் கதை பிடிக்காது."

"உனக்காக ஆர் வெட்டுறது? காசெண்டாக் கையில தெரியணும். முதலாளிட காசு தெரியுது, என்ர தெரியேல்ல. எனக்கு வெக்கமா இருக்கு. நீ வந்து எப்படி வெட்டுறதெண்டு சொல்லு. எனக்குத் தெரியாது."

செபஸ்தியன் சிரித்தான். இந்த முறை அது உண்மையான சிரிப்பு. "நாலும் நாலு மாதிரி இருக்கணும். அவ்வளவுதான். ரிஷாத்தையும் கூப்பிடு. அவன் வாயை மட்டும் வீட்ட வைச்சிட்டு வரட்டும்."

ரிஷாத் வாயோடுதான் வந்தான்.

உஷாந்தியின் அம்மா வீட்டில் சட்டை தைப்பவர். அவரிடம் ஒரு சிக்சாக் கத்தரிக்கோல் இருந்தது. வெட்டினால் துணியின் விளிம்பு பல்லுப் பல்லாக வரும். அந்தக் கத்தரியை வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது. உஷாந்தி கேட்டதும் அம்மா தையல் மெசினை நிறுத்திவிட்டார்.

"துணி வெட்டுற கத்தரியால அட்டை வெட்டுறதோ? பிறகு அது துணியை வெட்டாது, மெல்லும்!"

"அம்மா, ஒருக்காக் கண்ணை மூடுங்கோ."

அம்மா முறைத்துக்கொண்டே மூடினார். உஷாந்தி நான்கு காசை அவர் கையில் வைத்தாள். "பத்தைத் தாங்கோ பாப்பம்."

அம்மா தடவித் தடவி ஒன்றை நீட்டினார். அது ஒரு ரூபாய். இன்னொன்றை நீட்டினார். அது இரண்டு ரூபாய். மூன்றாவதை நீட்டாமலே கண்ணைத் திறந்து, வாசலில் நின்ற செபஸ்தியனைப் பார்த்தார். எழுந்து அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கத்தரியை எடுத்துவந்தார்.

"முனை போச்செண்டா, கூர் தீட்டுற ஆளைத் தேடி நீதான் கொண்டுபோகணும்" என்றார். ஆனால் சொல்லிவிட்டு, அட்டை வெட்ட அவரும் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வெட்டுத்தான் உஷாந்திக்குக் கஷ்டமாக இருந்தது. பத்தை எடுத்து மூலை வைத்து வெட்ட வேண்டும். வெட்டினால் மல்லிகைப் பூக்கள் போய்விடும். ஒவ்வொரு பூவும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறியது. கத்தரியை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். பூக்கள் தரையில் விழுந்தன. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

பத்துக்கு ஆறு மூலை. ஐந்துக்குச் சுற்றிவரச் சிக்சாக் பல்லு. இரண்டுக்கு நடுவில் ஓர் ஓட்டை. அதைச் செபஸ்தியனே தாள் துளைக்கும் கருவியால் டக், டக்கென்று போட்டான். ஒன்று வெறும் வட்டம்.

"ஈரப்பலா மரத்தில கிளிப் பொந்து!" என்றான் ரிஷாத், ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு.

எல்லாம் முடிந்ததும் பரீட்சை. செபஸ்தியன் கையை முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டான். ரிஷாத் ஒவ்வொன்றாக வைத்தான்.

"பத்து. ரெண்டு. அஞ்சு. அஞ்சு. ஒண்டு" என்று செபஸ்தியன் கடகடவெனச் சொல்லிக்கொண்டே போனான். திடீரென்று நிறுத்தினான். "இது காசில்ல. ஆர்ட பொத்தான் இது?"

ரிஷாத் அசடு வழிந்தான். அம்மாவின் பொத்தான் டப்பா அவனுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

மறுநாள் காலையில், சந்தை தொடங்கும் முன்பே உஷாந்தி டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், காசுப் பெட்டி எனக்கு வேணாம். அது செபஸ்தியன்ட. ஒருக்காக் கண்ணை மூடிக் கையை நீட்டுங்கோ."

டீச்சர் கண்ணை மூடினார். காசுகளைத் தடவினார். "இது பத்து... இதுல ஓட்டை, இது ரெண்டா இருக்கணும்..." நான்கையும் சரியாகச் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார்.

"நேத்து அந்தப் புள்ள எழும்பிப் போன நேரம் நானும் சரின்னுட்டேன்" என்றார் மெதுவாக. "அல்ஹம்துலில்லாஹ், சந்தைக்கு முந்தியே தெரிஞ்சிச்சு. நல்ல வேலை செஞ்சீங்க, புள்ளைகள்."

சந்தை அமளிதுமளிப்பட்டது. வடை வாசம் பிடித்துக்கொண்டு ஆறு பி கடைக்கு முன்னால் வரிசை நீண்டது. செபஸ்தியன் ஒரு கையால் வாங்கினான், மறுகையால் கொடுத்தான், இடையில் ஆட்களோடு பகிடியும் விட்டான். அவன் வேகத்துக்கு வடை எடுத்துக் கொடுக்க முடியாமல் உஷாந்தியும் ரிஷாத்தும் வியர்த்துப் போனார்கள்.

முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேசை விளிம்பில் நாடியை வைத்து நின்றாள். இலக்கம் இன்னும் சரியாகப் பழகவில்லை.

"அண்ணா, என்னட்டப் பூக் காசு ஒண்டும் ஓட்டைக் காசு ஒண்டும் இருக்கு. வடை வருமா?"

"வடையும் வரும், மிச்சமும் வரும், தங்கச்சி" என்றான் செபஸ்தியன்.

பூக் காசு! பல்லு வெட்டிய ஐந்தை அந்தச் சிறுமி பூ என்றுதான் பார்த்திருக்கிறாள். உஷாந்திக்குச் சிரிப்பு வந்தது.

சேலைக் கடைச் சீருடைச் சேலையோடு ஓர் அம்மா வந்தார். முன்னால் வந்து நிற்கவில்லை. மகனிடம் வந்திருக்கிறேன் என்று சொல்லவும் இல்லை. எல்லோரையும்போல் வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு பத்தை நீட்டினார்.

"எத்தனை வடை, அக்கா?" என்று கேட்டான் செபஸ்தியன், தலையை நிமிர்த்தாமல்.

"ஒண்டு போதும், முதலாளி."

செபஸ்தியனின் கை பெட்டிக்குள் அப்படியே நின்றது. ஒரு கணம்தான். பிறகு ஓர் ஐந்தையும் ஓர் ஒன்றையும் எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"எண்ணிப் பாருங்கோ, அம்மா."

"தேவையில்லை" என்றார் அம்மா. வடையை வாங்கும்போது உஷாந்தியின் எண்ணெய்க் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இவன் ராத்திரிச் சொன்னவன். காசை வெட்டி மாத்தின பிள்ளை நீதானே? உன்ர கை நல்லா இருக்கணும், மகள்."

நன்றி சொல்ல வேண்டியவள் தானல்லவா என்று உஷாந்திக்குத் தோன்றியது. அந்தப் பாண் கடையில் செபஸ்தியன் "நல்ல காசுதான்" என்று மழுப்பியிருந்தால், டின் நிறையப் பிழையை வைத்துக்கொண்டு அவள் இன்றைக்கும் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றிருப்பாள்.

தட்டில் கடைசி வடைகள் மிஞ்சியபோது, உஷாந்தி தன் காசை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து வரிசையில் நின்றாள்.

"செபஸ்தியன், தேங்க்ஸ்."

"எதுக்கு?"

"நேத்து உண்மையைச் சொன்னதுக்கு."

செபஸ்தியன் அவள் தந்த பத்தைத் தடவிப் பெட்டியில் போட்டான். மிச்சத்தை எண்ணி அவள் கையில் வைத்தான். அவன் காது நுனி சிவந்திருந்தது.

"எனக்கும் உனக்கு நிறையச் சொல்ல இருக்கு" என்றான். "ஆனா பின்னால ஆள் நிக்குது. தள்ளு, தள்ளு. அடுத்த ஆள்!"

உஷாந்தி தள்ளி நின்று வடையைக் கடித்தாள். நான்கு ரூபாய்க்கு அது மிகவும் மலிவு என்று அவளுக்குப் பட்டது.